பருப்புக்குள் இருக்கிற தடிப்பு

கல்முனைக்குடியில் பருப்புச் சமைத்து விற்பதுதான் என் பிழைப்பு என்று வெளியூரில் சொன்னால், "பருப்பு மட்டுமா?" என்று கேட்பார்கள். மட்டுமில்லை. விடியக்காலை இடியாப்பம் உண்டு, பகலுக்குச் சோற்றுப் பார்சல் உண்டு, நோன்பு மாதத்தில் ஷோர்பா உண்டு. ஆனால் வாசலில் சட்டியோடு வந்து நிற்கிறவர்கள் தேடி வருவது பருப்பைத்தான். "மாமி, இடியாப்பம் ஊட்ட கிடக்கு, பருப்பு மட்டும் தாங்க" என்று வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கரையில் அது பெரிய காரியம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மீன்தான் கறி. கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் பெட்டி தெருத்தெருவாக வரும். அந்தக் கூவலைக் கேட்ட பிறகுதான் பெண்கள் தேங்காய் திருவவே உட்காருவார்கள். பருப்பு அதற்குத் துணை. கார்த்திகை, மார்கழி மாரியில் கடல் குமுறித் தோணியெல்லாம் கரையேறிக் கிடக்கும் நாட்களில் மட்டுமே அதற்குத் தனிக்கறி என்ற மரியாதை. அப்போதும் "இண்டைக்குப் பருப்புதான்" என்று இழுத்துச் சொல்வார்கள். அந்தத் "தான்" எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

என் கட்சி ஒன்றே ஒன்று. பருப்பாணத்துக்குத் தடிப்பு பருப்பிலிருந்தே வர வேண்டும். தண்ணியாக வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பாலை ஊற்றித் தடிப்புக் காட்டுவது கடன் வாங்கிப் பெருநாள் கொண்டாடுவது மாதிரி. பால் வாசனைக்கு, ருசிக்கு. உடம்பு பருப்பின் உடம்பாக இருக்க வேண்டும். இதை நான் படித்த இடங்கள் இரண்டு. ஒன்று சுனாமி முகாம், மற்றது குவைத்தில் ஒரு வீட்டு அடுப்படி.

முதலில் தானியத்தைப் பற்றி. இந்த நாட்டில் பாணோடும் சோற்றோடும் இடியாப்பத்தோடும் எல்லாரும் தின்னும் இந்தச் செம்பருப்பு இங்கே விளைவதில்லை. எங்களுக்குப் பின்னால் கண் எட்டும் வரை வட்டைதான், அதில் நெல்தான். பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை மொத்தக் கடைகளைத் தாண்டி, லொறியில் கல்முனைச் சந்தைக்கு வருகிறது. ஆனாலும் அதை யாரும் வெளிநாட்டுச் சாமான் என்று நினைப்பதில்லை. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேலே உணவுப் பொதிகளைப் போட்டதை, பொதியில் வேறு என்னென்ன இருந்தாலும், நாடு முழுக்கப் "பருப்புப் போட்டது" என்றுதானே இன்றும் சொல்கிறார்கள்.

கடையில் நான் பருப்பைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பேன். விளிம்பு உடையாமல், ஒரே அளவில் இருக்க வேண்டும். மினுமினுப்பு அதிகமென்றால் நல்லதென்று நினைக்கிறார்கள். எனக்கு மங்கலாக இருப்பதுதான் விருப்பம், மினுக்கம் ஆலையில் ஏற்றுவது. குறுணியும் மாவும் கலந்திருந்தால் முந்திக் கரைந்து அடியில் போய்ப் பிடிக்கும். பழைய பருப்பு வேகாது, எத்தனை விறகு வைத்தாலும் நடுவில் ஒரு நரம்பு போல நிற்கும். கழுவும்போது முதல் தண்ணீர் பால் மாதிரி வரும், அது மாவு. மூன்றாம் தண்ணீரிலும் நிறம் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகமாட்டேன்.

ஊறப்போடுவது எனக்குத் தேவைப்படுவதில்லை. தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்பு இது. தண்ணீர் நேரே உள்ளே போய்விடும். இருபது நிமிடத்தில் வெந்துவிடும். முழுக் கடலையோ கௌபியோ போல இரவெல்லாம் ஊற வைக்கிற வேலை இதற்கில்லை.

அதைவிடப் பெரிய விசயம் தண்ணீர். எங்கள் ஊர் மணலின் மேலே உட்கார்ந்திருக்கிறது. கிணறு தோண்டினால் கிட்டத்திலேயே தண்ணீர் வரும், ஆனால் கடலை நெருங்க நெருங்கச் சவர். ஒரே பருப்பு, ஒரே சட்டி, ஒரே கை. பிரதான வீதிக்கு மேற்கே உள்ள வீட்டில் பூவாக மலரும், கடற்கரை வீட்டில் கல்லாக நிற்கும். கண்ணூறு பட்டதென்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். காரணம் தண்ணீரின் கடினம். பருப்பின் உயிர்க்கலங்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. தண்ணீரிலுள்ள கல்சியம் அந்தப் பசையை இறுக்கிவிடும், அதனால் அது கரையாது. புளியும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே தக்காளி, தேசிக்காய், கொறுக்காப்புளி எதுவானாலும் பருப்பு வெந்த பிறகே. உப்பை முதலில் போட்டால் வேகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. என் கைக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனாலும் பிறகுதான் போடுகிறேன், ஏனென்றால் வற்றி எவ்வளவு வரும் என்று தெரியாமல் உப்பை அளக்க முடியாது. சில கடைகளில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவார்கள். பருப்பு சுறுக்கா உடையும், உண்மைதான். வாய்க்குள் சவர்க்கார வழுவழுப்பு நிற்கும்.

தண்ணீரின் அருமை தெரிந்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. நாட்டிலேயே அதிக உயிர்ச்சேதம் எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கு மேல். அந்தக் கணக்கில் என் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள், அதை இங்கே எழுதப் போவதில்லை. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினோம். கடல் ஏறிய கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. பவுசரில் வந்த தண்ணீரை வாளிக் கணக்குப் பார்த்து ஊற்றினோம். நிவாரணமாக வந்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். மீன் வந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். கடல் எத்தனை பேரை எடுத்தது என்று தெரிந்த பிறகு எப்படித் தின்பது? மாதக்கணக்கில் இந்தக் கரையில் மீன் விலைபோகவில்லை. பருப்புதான் எல்லாரையும் தாங்கியது.

முகாமில் கிடாரத்தில் சமைத்தவர்கள் ஆண்கள். அவர்களில் ஒரு மூத்தப்பா, வருசா வருசம் பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சியவர். தேங்காய் கிடைக்கவில்லை. பெண்களெல்லாம் பாலில்லாமல் பருப்பா என்று முழித்துக்கொண்டு நின்றோம். அவர் பருப்பு வெந்ததும் மூன்றில் ஒரு பங்கை வேறு சட்டியில் அள்ளினார். அகப்பையின் முதுகால் சட்டியின் ஓரத்தில் வைத்து அரைத்தார். அடித்துக் கலக்கவில்லை, அரைத்தார். அது பசையாகி மினுங்கத் தொடங்கியதும் கிடாரத்தில் திருப்பிக் கொட்டினார். தண்ணியாகக் கிடந்த கிடாரம் கண் முன்னாலேயே ஒன்றுகூடியது. "புள்ள, தேங்காப்பால் இல்லெண்டு பயப்பிடாத. பருப்புக்குள்ளயே பால் கிடக்கு" என்றார். அவர் இப்போது மௌத்தாகிவிட்டார். அந்த வேலையைத்தான் நான் இன்றைக்கும் தினம் செய்கிறேன்.

என் பருப்பாணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுண்டுப் பருப்புக்கு நாலு சுண்டுத் தண்ணீர். மண்சட்டி. மஞ்சள் கொஞ்சம், நீளவாக்கில் கீறிய பச்சைக் கொச்சிக்காய், நாலைந்து பல் உள்ளி, பாதி வெங்காயம், ரம்பைத் துண்டு ஒன்று, வெந்தயம் விரல் நுனியில் எடுத்த அளவு. முதல் கொதியில் நுரை பொங்கும். அதை வழித்து எறிய வேண்டும், விட்டால் கறிக்கு ஒரு கைப்பு வரும், சட்டியும் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும். பிறகு தணலைக் குறைத்து, மூடியை அரைவாசி திறந்து வைக்க வேண்டும். கொதிப்பு ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும், நடு அசையக்கூடாது. மஞ்சளும் செம்மையும் கலந்த பருப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி வெறும் மஞ்சளாகும். அப்போது ஒரு பருப்பை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்கினால் தடையில்லாமல் பரவ வேண்டும், ஆனால் அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த இடம்தான் நிறுத்துமிடம். மூன்றில் ஒரு பங்கை அள்ளி அரைப்பது இப்போது.

அரைத்ததைத் திருப்பிச் சேர்த்த பிறகு தண்ணிப்பால், உப்பு, ஒரு கொதி. கட்டிப்பால் கடைசியில், அதுவும் அரைக் கோப்பைக்கு மேல் போடமாட்டேன். போட்டதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். தாளிப்புக்குத் தேங்காயெண்ணெய், கடுகு, காய்ந்த கொச்சிக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி ஓரம் கறுக்கத் தொடங்கும்போது இடித்த மாசிக் கருவாடு ஒரு கரண்டி. மாசி எண்ணெயில் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். கேட்காமல் போடமாட்டேன், மாசி ஒத்துக்கொள்ளாத வாடிக்கைக்காரரும் இருக்கிறார்கள்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று மருமகள்மார் கேட்கிறார்கள். வைக்கலாம், சாப்பாடாகத்தான் இருக்கும். எல்லாப் பருப்பும் ஒரே நேரத்தில் கூழாகிவிடும். பாதி நின்று பாதி கரைவதுதான் பருப்பின் அழகு, அது குக்கருக்குத் தெரியாது.

சுனாமிக்குப் பிறகு குவைத்துக்குப் போனேன். இந்தக் கரையிலிருந்து போகாத வீடு எது? போன வீட்டில் பெரிய குடும்பம். எசமானியை அங்கே எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு வந்தால் பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடி மேசைக்கு வருவது ஷோர்பத் அதஸ், பருப்பு ஷோர்பா. என்னை முதல் நாள் அடுப்படியில் நிறுத்திக் காட்டித் தந்தா. பையைப் பிரித்தால் எங்கள் ஊர்ச் செம்பருப்பு! பார்த்தவுடன் கண் கலங்கிப்போனது. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, கரட்டும் உருளைக்கிழங்கும் வெட்டிப் போட்டு, பருப்பைக் கழுவிச் சேர்த்து, கோழி அவித்த தண்ணீரை ஊற்றி வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, நற்சீரகத்தூள் தூவி இறக்கிவிடுவா. கோப்பையில் ஊற்றிய பிறகுதான் தேசிக்காய். பக்கத்தில் ரொட்டியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பொரித்து வைப்பா. தேங்காய் என்ற பேச்சே இல்லை. எகிப்திலும் துருக்கியிலும் சிரியாவிலும் வீட்டுக்கு வீடு இப்படித்தான் வைக்கிறார்களாம், கைக்குக் கை மசாலா மட்டும் மாறும்.

அங்கே எனக்கு இரண்டு விசயம் பிடிபட்டது. புளிப்பு கடைசியில் என்பது அரபு அடுப்படியிலும் சட்டம். மற்றது, மூத்தப்பா அகப்பையின் முதுகால் செய்ததைத்தான் மாமா மிக்ஸியால் செய்தா. தடிப்பு பருப்பிலிருந்தே வர வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

குர்ஆனில் அல்பகறா சூராவின் 61ஆவது ஆயத்தில் பருப்பு வருகிறது. வானத்திலிருந்து மன்னும் ஸல்வாவும் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே சாப்பாடு அலுத்துப்போனதென்று பனூ இஸ்ராயீல்கள் மூஸா நபியிடம் நிலத்தில் விளைகிறதைக் கேட்டார்கள். கேட்டவற்றில் பருப்பும் வெங்காயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேலானதை விட்டுத் தாழ்ந்ததைக் கேட்டார்களே என்று அவர்களைக் கண்டிக்கிற இடம் அது. பயானில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். என் பிழைப்பே அந்த இரண்டும்தானே.

ஊருக்குத் திரும்பி முதல் நோன்பில் உம்மாவுக்கு ஷோர்பா வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னகா இது, நோயாளிக்கு வச்ச கஞ்சி மாதிரி?" என்றா. எங்கள் ஊரில் நோன்புக் கஞ்சியின் இடத்தில் வேறொன்றை வைப்பது லேசில்லை. அஸர் தொழுகை முடியும் நேரம் சின்னப் பிள்ளைகள் வாளியும் சட்டியும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடும். அரிசி, இறைச்சி, இஞ்சி, உள்ளி, ரம்பை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த அந்தக் கஞ்சியின் மணம் தெருவையே நோன்பு திறக்க வைத்துவிடும். அதற்கு முன்னால் என் ஷோர்பா எம்மாத்திரம்? சில வருசம் அது என் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

அதை வெளியே கொண்டுவந்தது 2020. மார்ச் 17ஆம் திகதி ஒரு கிலோ பருப்புக்கு உச்சவிலை 65 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. சந்தோசப்படுவதற்குள் பருப்பு கடைத் தட்டிலிருந்து காணாமல் போனது. வாங்கிய விலையே அதைவிடக் கூட என்றார்கள் கடைக்காரர்கள். பிறகு கொரோனா ஊரடங்கு. ஏப்ரல் கடைசியில் நோன்பு பிடித்தபோது பள்ளிகள் பூட்டிக் கிடந்தன, கிடாரம் அடுப்பேறவில்லை. மாதக் கடைசியில் அந்த விலைக் கட்டுப்பாடும் நீங்கிப் பருப்பு திரும்பி வந்தது, விலையோடு. பள்ளிக் கஞ்சி இல்லையென்றால், ஆறு பேருள்ள வீட்டில் யார் கஞ்சி காய்ச்சிப் பழகியிருக்கிறார்கள்? பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் கேட்டா: "உன்ட அந்த அரபி பருப்புத் தண்ணி எப்பிடிகா வைக்கிற?" சொல்லிக் கொடுத்தேன். ஒரு சுண்டுப் பருப்பு எட்டுப் பேருக்குப் போதும் என்றதும் அவவுக்கு ஆச்சரியம். அந்த நோன்பு முடிவதற்குள் எங்கள் தெருவில் பல வீட்டில் அது கொதித்தது. உம்மாவும் கேட்டுக் குடித்தா, கொஞ்சம் பால் விடச் சொல்லி.

2022இல் வேறு கஷ்டம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும், நின்றும் கிடைக்காத நாள் உண்டு. விறகுக்கு மாறினோம். பார்சலில் இறைச்சி நின்றது, முட்டை பாதியானது. பருப்பும் விலையேறித்தான் இருந்தது, ஆனால் இருபது நிமிடத்தில் வேகிற சாமான் வேறென்ன இருக்கிறது? விறகை எண்ணிச் சமைக்கும்போது அதுதான் பெரிய கணக்கு. பிறகு 2024 கடைசியிலிருந்து தேங்காய்த் தட்டுப்பாடு. ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது, பாலை நம்பிப் பருப்பு வைத்த கடைகள் தடுமாறின. மாக் கரைத்து ஊற்றித் தடிப்பாக்கினார்கள் சிலர். ஆறினால் பசையாக இறுகி, கரண்டியைத் தூக்கினால் சேர்ந்து எழும்பும். என் சட்டியில் அரைத் தேங்காய் குறைந்தது. வாங்கினவர்கள் யாரும் கேட்கவில்லை.

இப்போது நான் நோன்பில் விற்கிற ஷோர்பா குவைத்துமில்லை, கல்முனைக் கஞ்சியுமில்லை. மாட்டெலும்பை இஞ்சி, உள்ளி, மிளகு, கறுவாத் துண்டோடு அவித்து வடித்த தண்ணீர்தான் அடி. ஒரு சுண்டுப் பருப்புக்கு ஒரு பிடி பச்சையரிசி, அது எங்கள் வட்டை நெல்லாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உருளைக்கிழங்குக்குப் பதில் மஞ்சள் பூசணித் துண்டு. மிக்ஸி வேண்டாம், அகப்பை முதுகுதான். நற்சீரகத்தை வறுத்து இடித்துக் கடைசியில். தேங்காய்ப்பால் மேலே ஒரு கரண்டி, அது உம்மாவுக்காக ஆரம்பித்தது, இப்போது எல்லாருக்கும். பொரித்த ரொட்டித் துண்டுக்குப் பதில் முதல் நாள் பாணை வெட்டி எண்ணெயில் முறுக விட்டுக் கொடுக்கிறேன். பதம் பார்க்க அகப்பையை முக்கி எடுத்து அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு மூடாமல் நிற்க வேண்டும், ஆனால் ஓரம் மெல்ல வழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் இளக்கமாகவே இறக்குவேன், மஃரிப் வரும்போது அது தானாகத் தடித்துவிடும். மிஞ்சினதை மறுநாள் சூடாக்குகிறவர்கள் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரில் பருப்பு கட்டிகட்டியாகப் பிரிந்து நிற்கும்.

போன நோன்பில் ஒரு பள்ளியிலிருந்து ஆள் வந்தார். கஞ்சிக்குப் பதிலாக ஒரு நாள் ஷோர்பா, 400 பேருக்கு, செய்து தர முடியுமா என்று. நல்ல காசு. முடியாது என்றேன். என் சட்டியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளி அரைக்கலாம், கிடாரத்தில் அரைக்க என் கை காணாது. பெரிய அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். பிடித்தால் கிடாரம் முழுக்கக் கருகல் மணம், எதைப் போட்டும் போக்க முடியாது. விடாமல் துடுப்புப் போட இரண்டு ஆம்பிளை வேண்டும். "கஞ்சி காய்ச்சிற காக்காமாரக் கூட்டி வாங்க, நான் பக்கத்துல நிண்டு சொல்லித் தாறன்" என்றேன். அவர்கள் வந்தார்கள். அரிசிக் கணக்கில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கூடப் போட்டார்கள், எனக்குக் கஞ்சியாகத் தெரிந்தது. குடித்தவர்கள் நல்லாயிருந்தது என்றுதான் சொன்னார்களாம்.